ஆஞ்சியோவில் ஏற்றுவது சாயம் இல்லை

எதிர்வீட்டு ஆச்சிக்குப் போன மாதம் மதுரையில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். பெரிய அடைப்பு எதுவும் இல்லை, மாத்திரை போதும் என்று அனுப்பிவிட்டார்கள். விசாரிக்கப் போன எல்லாரிடமும் ஆச்சி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "மணிக்கட்டுல குத்திச் சாயத்த ஏத்திட்டாக." நான் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, நீங்கதான் சயின்சு வாத்தியாராச்சே. ஏத்துன சாயம் எங்க போகும்? ரத்தத்துலயே தங்கிருமா?"

கண்டாங்கிச் சேலை நெய்கிற ஊர்க்காரருக்கு இந்தப் பயம் வருவது நியாயம்தான். நூலில் ஏறிய சாயம் இறங்காது. இறங்கினால் அது நல்ல சாயமே இல்லை. ஆனால் இந்தச் சொல் ஆச்சியின் கண்டுபிடிப்பு அல்ல. ஆஸ்பத்திரியில் எல்லாரும் 'டை' என்றே சொல்கிறார்கள். அதை அவர் தமிழில் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த 'டை' பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது தண்ணீர் போல நிறமற்ற திரவம். கொஞ்சம் பிசுபிசுப்பு இருக்கும். அது எதற்கும் நிறம் ஏற்றுவதில்லை. நிழல் விழச் செய்வதுதான் அதன் வேலை. இது பிடிபட்டால், இப்போது பயன்படும் அயோடின் மருந்துக்கு மாற்றாகத் தங்கம், பிஸ்மத், கரியமில வாயு என்று ஏன் தேடுகிறார்கள் என்பதும், அந்தத் தேடல் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதும் பிடிபடும்.

போகிற போக்கில் இன்னொன்று. ஆஞ்சியோகிராம் என்றால் இரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது மட்டும்தான். அடைப்பை பலூனால் விரித்து, குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலை வைப்பது ஆஞ்சியோபிளாஸ்டி. நம்மூரில் இரண்டுக்கும் ஒரே பெயர் 'ஆஞ்சியோ' என்பதால், படம் மட்டும் எடுத்துவிட்டு வந்தவரையும் "அடைப்பை எடுத்தாச்சா?" என்று கேட்கிறார்கள்.

## முற்றத்து வெயில்

காலை வெயில் முற்றத்தில் சாய்வாக இறங்கும்போது தேக்குத் தூணின் நிழல் பட்டாலையில் நீளமாக விழும். பக்கத்திலேயே ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தால் அதற்கு நிழல் இருக்கிறதா என்று உற்றுத்தான் பார்க்க வேண்டும். ஒளியைத் தடுக்கும் பொருளுக்கு நிழல் உண்டு, விட்டுவிடும் பொருளுக்கு இல்லை.

எக்ஸ்ரே படம் என்பதும் நிழல்தான். எக்ஸ்ரேயும் ஒளியின் இனம். ஆனால் அதன் ஒவ்வொரு துளியும் சுமக்கும் ஆற்றல் வெயிலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அந்தத் துளியை ஃபோட்டான் என்பார்கள். ஒரு பக்கம் எக்ஸ்ரே குழல், மறுபக்கம் வந்துசேரும் ஃபோட்டான்களைப் பதிவு செய்யும் தட்டு, நடுவில் நாம். எலும்பில் கால்சியம் இருப்பதால் அது நன்றாகத் தடுக்கிறது. தசை பெரும்பாலும் தண்ணீர் மாதிரி, அதனால் விட்டுவிடுகிறது.

சிக்கல் இரத்தத்தில் வருகிறது. அதுவும் பெரும்பாலும் தண்ணீர். அதைச் சுற்றியுள்ள இதயத் தசையும் அப்படியே. எக்ஸ்ரேயின் பார்வையில் இரண்டும் ஒன்று. ஊருணியில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தக் குடத்துத் தண்ணீர் எங்கே என்று தேடுவது போன்ற வேலை அது.

சரி, இரத்தத்தை உண்மையிலேயே நீலமாக்கிவிட்டால் தெரியுமா? தெரியாது. ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த கூடத்தைப் பழைய கறுப்பு வெள்ளை கேமராவில் படம் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நேரில் சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கும். படத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிப் போகும். எக்ஸ்ரே அதைவிட மோசம். அதற்கு நிறமே கிடையாது. எவ்வளவு தடுக்கிறது என்ற ஒரே கணக்குத்தான். அதனால் இரத்தத்தோடு கலந்து ஓடவும் வேண்டும், தூண் போல நிழல் தரவும் வேண்டும் என்கிற பொருளைத் தேடினார்கள். அதற்குப் பெயர் கான்ட்ராஸ்ட் மருந்து, அதாவது வேறுபடுத்திக் காட்டும் மருந்து. இனி அப்படியே அழைப்போம்.

இதுவரை சொன்னது: எக்ஸ்ரே படம் நிழல், இரத்தத்துக்குத் தனி நிழல் இல்லை, கான்ட்ராஸ்ட் மருந்து அந்த நிழலைக் கொடுக்கிறது. இன்று பயன்படும் மருந்தில் கதிர்வீச்சு இல்லை, சாயமும் இல்லை.

## அயோடின் எப்படி வந்து உட்கார்ந்தது

ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். இரண்டே மாதத்தில், 1896 ஜனவரியில், வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்தால் என்ற இருவர் துண்டிக்கப்பட்ட ஒரு கையின் இரத்தக் குழாய்களுக்குள் பாதரசம் கலந்த ஒரு குழம்பைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். படம் பதிய 57 நிமிடம் ஆனது. அழகான படம்தான், ஆனால் அந்தக் குழம்பை உயிருள்ளவருக்குச் செலுத்த முடியாது. அன்று தொடங்கிய இழுபறி இன்றும் தீரவில்லை: நன்றாக நிழல் தரும் பொருள்கள் பெரும்பாலும் உடம்புக்கு ஆகாதவை.

அயோடின் வந்தது ஒரு பக்கவாட்டுச் சம்பவத்தால். 1920-களில் சிஃபிலிஸ் நோய்க்கு சோடியம் அயோடைடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நோயாளிகளுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது சிறுநீர்ப்பை பளிச்சென்று தெரிந்தது. 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் அதே சோடியம் அயோடைடைக் கழுத்துத் தமனியில் செலுத்தி, உயிருள்ள மனிதரின் மூளைக் குழாய்களைப் படமாக்கினார்.

அயோடினுக்கு ஏன் இந்தத் திறமை? அணுவின் மையத்தில் எத்தனை புரோட்டான்கள் இருக்கின்றனவோ அது அணு எண். ஒரு பொருள் எக்ஸ்ரேயை விழுங்கும் திறன், தோராயமாக, அணு எண்ணின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அணு எண் இரண்டு மடங்கானால் தடுப்பு எட்டு மடங்கு. ஆக்சிஜனுக்கு அணு எண் 8, அயோடினுக்கு 53. ஆறரை மடங்குதானே என்று தோன்றும். மும்மடி எடுத்தால் 290 பக்கம் போய் நிற்கும்.

## மெஸ் கணக்கு

மும்மடிக் கணக்கு மட்டும் உண்மை என்றால் ஈயத்தையோ யுரேனியத்தையோ ஏற்றினால் இன்னும் நல்ல படம் வர வேண்டும். "எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது" என்றுதான் பல செய்திக் கட்டுரைகளும் எழுதுகின்றன. அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ஒரு மெஸ்ஸுக்குள் போவோம்.

ஒரு மெஸ்ஸில் முழுச் சாப்பாடு 33 ரூபாய் என்று வையுங்கள் (இன்று எங்கே கிடைக்கும், ஒரு பேச்சுக்கு). பையில் 32 ரூபாய் இருப்பவர் உள்ளே போக முடியாது. வாசல் திண்ணையில் காபி குடித்துவிட்டுப் போவார். 33 வந்த உடனே அவருக்கு உள்கூடத்துக் கதவு திறக்கும், இலையில் உட்கார்ந்துவிடுவார். 40 ரூபாய்க்காரரும் உட்காருவார். ஆனால் கையில் 100 ரூபாய் இருப்பவர் பெரும்பாலும் அந்த மெஸ்ஸைத் தாண்டிப் பெரிய ஹோட்டலைத் தேடிப் போய்விடுவார்.

இங்கே மெஸ் என்பது அயோடின் அணு. ஆட்கள் ஃபோட்டான்கள். பையில் உள்ள பணம் ஃபோட்டானின் ஆற்றல். அதை அளக்கும் ரூபாய்க்குக் கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று பெயர். அணுவின் ஆக உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள்தான் அந்த உள்கூடம். அயோடினில் அந்தக் கதவு திறக்கும் ஆற்றல் 33.2. அந்த எல்லையைத் தாண்டியதும் அயோடின் எக்ஸ்ரேயை விழுங்கும் அளவு ஒரே தாவலில் ஐந்து மடங்குக்கு மேல் உயர்கிறது. அப்புறம் ஆற்றல் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகிறது. இந்தத் தாவல் இடத்துக்குக் 'கே விளிம்பு' என்று பெயர்.

இதய ஆஞ்சியோகிராம் அறையில் எக்ஸ்ரே குழலை ஏறத்தாழ 70 முதல் 90 கிலோவோல்ட்டில் இயக்குகிறார்கள். அதிலிருந்து வரும் ஃபோட்டான்களில் பெரும்பகுதி 33-க்குக் கொஞ்சம் மேலே நெருக்கமாக இருக்கும். அயோடின் மெஸ்ஸுக்கு ஏற்ற கூட்டம். தங்கத்தின் கே விளிம்பு 80.7, பிஸ்மத்துக்கு 90.5. இந்தக் கூட்டத்தில் தங்கத்தின் உள்கூடத்துக்குள் போகும் பணம் அனேகமாக யாரிடமும் இல்லை. அதனால் அணு எண் 79 இருந்தும், இந்த அறையில் தங்கம் எதிர்பார்த்த அளவுக்கு அயோடினை ஜெயித்துவிடாது.

சிடி ஸ்கேன் கதை வேறு. அங்கே வழக்கமாக 120 கிலோவோல்ட். கூட்டத்தின் பை கனமாகிவிடுகிறது, அயோடினைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். உடல் பருமனானவர்களுக்கு இன்னும் மோசம். அவர்கள் உடம்பைக் கடந்து மறுபக்கம் வருவது ஆற்றல் கூடிய ஃபோட்டான்கள்தான். இங்கேதான் 67.4-இல் கே விளிம்பு உள்ள டாண்டலம், 65.4-இல் உள்ள ஹாஃப்னியம் போன்ற கன உலோகங்கள் அயோடினைவிட நன்றாக வேலை செய்யும்.

சுருக்கமாக: கனமான அணு வேண்டும், அதன் கே விளிம்பு, வரும் கூட்டத்தின் பைக்குப் பொருந்தவும் வேண்டும்.

## அயோடினிடம் என்னதான் குறை?

முதலில் அளவைப் பார்ப்போம், பலரும் இதை யோசிப்பதில்லை. ஒரு மில்லிலிட்டர் மருந்தில் 300 முதல் 370 மில்லிகிராம் அயோடின் இருக்கும். 350 என்று வைத்து, 100 மில்லிலிட்டர் ஏற்றினால் 35 கிராம். தைராய்டுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். அதாவது 600 ஆண்டுகளுக்கு மேல் வரக்கூடிய அயோடின் சில நிமிடங்களில் உள்ளே போகிறது. இப்படிப் பத்துப் பத்துக் கிராமாக நரம்பில் கொட்டும் மருந்துகள் மிகக் குறைவு. உயிரோடு இருக்கிறோம் என்றால், அந்த அயோடின் ஒரு வளையமான கரிம மூலக்கூறில் மூன்று மூன்றாக இறுகக் கட்டப்பட்டிருப்பதுதான் காரணம். வந்தபடியே சிறுநீரகம் வழியாக வெளியே போய்விடுகிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒரே நாளில் அனேகமாக முழுவதும். ஆச்சியின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: போன இடம் கழிப்பறை.

பழைய மருந்துகள் ஏற்றும்போது உடம்பெல்லாம் எரியும். ஊறுகாய் போடுகிறவர்களுக்குக் காரணம் தெரியும்: மாங்காயில் உப்பைப் போட்டால் தண்ணீர் வெளியே வருகிறது. கரைசலில் துகள்கள் எத்தனை அடர்த்தியோ அவ்வளவு இழுப்பு. இதற்கு ஊடுபரவல் அழுத்தம் என்று பெயர். பழைய மருந்துகளின் அழுத்தம் இரத்தத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது, ஏனென்றால் அந்த மூலக்கூறு நீரில் இரண்டாகப் பிரியும்: ஒன்று அயோடின் சுமக்கும், மற்றொன்று சும்மா கூட வரும். ஸ்வீடன் கதிரியல் மருத்துவர் டோர்ஸ்டன் அல்மேன் 1960-களின் இறுதியில், இந்தச் சும்மா வருகிறவரை விலக்கி, பிரியாத மூலக்கூறாகச் செய்தால் என்ன என்று கேட்டார். உப்பு மிகுந்த கடலில் நீந்தும்போது கண் எரிவதைக் கவனித்தவர் அவர். அந்த யோசனையில் பிறந்த மருந்துகள்தான் இன்று எல்லா இடத்திலும். இப்போதும் லேசான சூடு தெரியும், சிறுநீர் வந்துவிட்டது போல ஒரு உணர்வு வரும். வந்தால் பயப்பட வேண்டாம், சில நொடிகளில் போய்விடும்.

இத்தனை சீர்திருத்தத்துக்குப் பிறகும் மிச்சம் இருப்பவை: ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மேலும் பாதிப்பு வரலாம் என்ற அச்சம் (ஒரு காலத்தில் மிகைப்படுத்தப்பட்டது, ஆனால் பொய்யில்லை), சிலருக்கு ஒவ்வாமை போன்ற விளைவு, தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்குத் தொல்லை. 2022-இல் இன்னொரு குறையும் தெரிந்தது. ஷாங்காய் ஊரடங்கில் ஒரே ஒரு ஆலை நின்றுபோனதால் பல நாடுகளில் கான்ட்ராஸ்ட் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது.

ஒவ்வாமை பற்றி ஒரு வார்த்தை. "இறால், நண்டு ஒத்துக்காது, அதனால டை ஆகாது" என்பது இங்கே பரவலான நம்பிக்கை. நண்டுக் குழம்பு சாப்பிட்டுத் தடிப்பது அதிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்தால், அயோடினால் அல்ல. அயோடின் நம் தைராய்டிலும் இருக்கிறது, சமையல் உப்பிலும் இருக்கிறது. மருத்துவரிடம் சொல்ல வேண்டியது நண்டுக் கதையை அல்ல. முன்பு கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியபோது ஏதாவது நடந்ததா, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) எவ்வளவு, தைராய்டு உண்டா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறோமா, இவற்றைத்தான்.

## மாற்று ஒன்று: கோலி சோடா

ஏற்கெனவே நடைமுறையில் உள்ள மாற்று, கரியமில வாயு. நிழல் தருவதற்குப் பதிலாக இது நேர்மாறாகச் செய்கிறது: குழாயில் உள்ள இரத்தத்தைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தை வெளிச்சமாக்குகிறது. வாயு எக்ஸ்ரேயை அனேகமாகத் தடுப்பதே இல்லை. வித்தியாசம் மெல்லியது என்பதால், வாயு செலுத்துவதற்கு முன் எடுத்த படத்தைப் பின் எடுத்த படத்திலிருந்து கணினி கழித்துக் காட்டும்.

காற்றை நரம்பில் ஏற்றினால் ஆபத்து என்று கேள்விப்பட்டிருப்போம், அது உண்மை. ஆனால் கரியமில வாயு கோலி சோடாவில் கரைவது போல இரத்தத்தில் விரைவாகக் கரைந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சோடு வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு வேலையில்லை, ஒவ்வாமையும் இல்லை, விலையும் மலிவு. கால், வயிற்றுப் பகுதித் தமனிகளுக்கு அருமையான வழி. இதயத்துக்கும் மூளைக்கும் போகும் தமனிகளில் மட்டும் கூடாது. அங்கே ஒரு குமிழி நின்றாலும் ஆபத்து. அதனால் ஆச்சிக்கு இது உதவியிருக்காது.

## மாற்று இரண்டு: நன்மை செய்யப் போய்

சிறுநீரக நோயாளிகளுக்காக எம்.ஆர்.ஐ ஸ்கேனில் பயன்படும் கடோலினியம் என்ற உலோகத்தைக் கொஞ்ச காலம் முயன்று பார்த்தார்கள். கே விளிம்பு 50.2, பொருத்தமானதுதான். ஆனால் அந்தக் கரைசலில் உலோகத்தின் அளவு அயோடின் மருந்தில் உள்ளதில் கால் பங்குக்கும் குறைவு. நிழல் மங்கல். அளவைக் கூட்டினால் நச்சு கூடும். 2006 வாக்கில், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குக் கடோலினியத்தால் தோல் கல் போல இறுகும் நோய் வருவது தெரிந்தது. யாரைக் காப்பாற்றக் கொண்டுவந்தார்களோ அவர்களுக்கே ஆகவில்லை. அந்த வழி மூடப்பட்டது.

## மாற்று மூன்று: மிகச் சிறிய உலோகத் துகள்கள்

இன்று ஆய்வுக்கூடங்களில் நடப்பதில் பெரும்பகுதி இது. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. எங்கள் காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வளாகம் இருக்கும் புண்ணியத்தில் 'நானோ' என்ற சொல் டீக்கடையில்கூடக் காதில் விழும். அந்த அளவில் உலோகத் துகள்கள் செய்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் மேலே ஓர் உறை போட்டு, இரத்தத்தில் விடுவது யோசனை. ஒரே துகளில் நூற்றுக்கணக்கான கன அணுக்கள் இருக்கும். மூன்று அயோடின் சுமக்கும் மூலக்கூறோடு ஒப்பிட்டால் இது வண்டிப் பாரம்.

2006-இல் 1.9 நானோமீட்டர் தங்கத் துகள்களை எலிகளுக்குச் செலுத்தி, இரத்தக் குழாய்களைத் தெளிவாகப் படமெடுத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு பிஸ்மத் சல்ஃபைடு துகள்களையும் எலிகளில் சோதித்தார்கள். பிஸ்மத் மலிவு, வயிற்று மருந்துகளில் பல காலமாக இருக்கிறது. டாண்டலம் உடலுக்குள் பொருத்தும் கருவிகளில் பழகிய உலோகம்.

தங்கம் என்று சொன்னதும் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு வேண்டும் என்றார். அயோடின் கணக்கில் பார்த்தால் பல கிராம், நாலைந்து பவுன்கூட ஆகலாம் என்றேன். "ஏத்துனத முடிஞ்சப்புறம் திருப்பிக் குடுப்பாகளா?" கேலியாகத்தான் கேட்டார், ஆனால் அந்தக் கேள்வியில்தான் இந்தத் துறையின் உண்மையான சிக்கல் இருக்கிறது: உள்ளே போனது வெளியே வருமா?

## பெட்ரோமாக்ஸ் பாடம்

மணகோலத்துக்கு மாவு சலிக்கும்போது நைசானது இறங்கும், கப்பி மேலே நிற்கும். சிறுநீரகமும் சல்லடைதான். ஏறத்தாழ 6 நானோமீட்டருக்குக் குறைவான துகள் அதில் இறங்கிச் சிறுநீரில் போய்விடும். அதைவிடப் பெரியதைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும், மாதக் கணக்கில், சில சமயம் ஆண்டுக் கணக்கில். ஆனால் சிறிய துகள் சீக்கிரம் ஓடிவிடும். பெரியது குழாயில் நெடுநேரம் நின்று நல்ல படம் தரும். படம் எடுப்பவருக்குப் பெரியது பிடிக்கும், உடம்புக்குச் சிறியது பிடிக்கும்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் கசப்பான சான்று உண்டு. 1930-களில் தோரோட்ராஸ்ட் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து வந்தது. தோரியம் ஆக்சைடின் நுண்துகள்கள். கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் எதனால் ஆனதோ, அதே பொருள். அணு எண் 90, நிழல் பிரமாதம். ஏற்றும்போது எரிச்சல்கூட இல்லை, மருத்துவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் துகள்கள் கல்லீரலில் தங்கிவிட்டன, தோரியம் கதிரியக்கம் உடையது. அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அந்த நோயாளிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரத் தொடங்கியது. 1950-களில் கைவிட்டார்கள்.

தங்கமும் பிஸ்மத்தும் டாண்டலமும் கதிரியக்கம் உள்ளவை அல்ல, ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை. (பிஸ்மத் கண்டிப்பாகப் பார்த்தால் மிக மிக லேசாகச் சிதைகிறது; பிரபஞ்சத்தின் வயதைவிடப் பல கோடி மடங்கு மெதுவாக. அதை விட்டுவிடலாம்.) ஆனாலும் கிராம் கணக்கில் ஏற்றி, அதில் பத்தில் ஒரு பங்கு கல்லீரலில் நின்றாலும் முப்பது வருஷம் கழித்து என்ன என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எலி இரண்டு மூன்று வருஷம்தான் வாழும். "எலியில் வெற்றி" என்று செய்தி வந்து இத்தனை ஆண்டுகளாகியும் ஆஸ்பத்திரி அலமாரிக்கு அவை வராததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இந்தத் தாமதத்தில் எனக்கு வருத்தமில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: நிழல் தருவது எளிய பாதி, முழுவதும் வெளியேறுவது கடினமான பாதி.

## கடைசியில் நிறம் வருகிறது

ஒரு வேடிக்கையோடு நிறுத்துகிறேன். வழக்கமான சிடி தட்டு வந்த ஆற்றலை மொத்தமாகக் கூட்டித்தான் சொல்லும். உண்டியலில் விழுந்த மொத்தத் தொகையைச் சொல்வது போல. 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புதுவகை சிடி, ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றும் எத்தனை ரூபாய் நோட்டு என்றும் பிரித்துப் பார்க்கிறது. அப்படிப் பார்க்க முடிந்தால், 50-இல் தாவுவது கடோலினியம், 67-இல் தாவுவது டாண்டலம் என்று கே விளிம்பை வைத்தே ஒவ்வொரு பொருளையும் தனியாக அடையாளம் காணலாம். இரண்டு கான்ட்ராஸ்ட் மருந்துகளை ஒரே நேரத்தில் ஏற்றி, ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதை நீலமாகவும் கணினித் திரையில் காட்டலாம். அயோடின் அல்லாத மருந்துகள் மீது மறுபடி ஆர்வம் கூடியதற்கு இந்தக் கருவிகளும் காரணம்.

ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "அப்பச் சாயம்னு சொன்னா இப்பத் தப்பில்ல" என்றார். அடுத்த மாதம் மறுபடி மதுரை போகிறார், சிடி ஆஞ்சியோ ஒன்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஏற்றப்போவது அதே அயோடின்தான். போவதற்கு முன் கிரியாட்டினின் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.